பிக்சல் 4ஏ, கேலக்ஸி ஏ52: தையல் கடைக்கு ஒரு பழைய போன்

பத்தாயிரம் ரூபாய்க்குப் புது போனும் கிடைக்கிறது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி விற்ற பழைய போனும் கிடைக்கிறது. எதை வாங்குவது? 2025 பிப்ரவரியில் என் பெரியம்மா மகளுக்காக இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது. பழையதுதான் என்று முடிவான பிறகும் வேலை முடியவில்லை. எந்தப் பழைய போன் என்பதில்தான் யோசிக்க நிறைய இருந்தது. கடைசிச் சுற்றில் கூகுள் பிக்சல் 4ஏ, சாம்சங் கேலக்ஸி ஏ52 ஆகிய இரண்டும் நின்றன. அவற்றை எப்படிச் சோதித்தோம், எதை எதற்காக விட்டோம் என்பதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். இதே தொகையை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருப்பவர்கள் ஏராளம் என்பதை அறிவேன்.

யாருக்கு, எதற்கு

அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கும்பகோணத்தில் வீட்டின் முன்னறைதான் கடை. பிளவுஸ் தைப்பது, ஆரி வேலைப்பாடு, புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது ஆகியவை தொழில். முன்பெல்லாம் வாடிக்கையாளர் துணியைக் கொடுத்துவிட்டுப் போனால் தைத்து முடித்த பிறகுதான் வருவார். இப்போது கழுத்து வரைந்ததும் ஒரு படம், முதல் பூ போட்டதும் ஒரு படம், நூல் தேர்ந்தெடுத்ததும் ஒரு படம் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். கல்யாணப் பெண் வெளிநாட்டில் இருந்தால் அளவு எடுப்பதே வீடியோ அழைப்பில்தான் நடக்கிறது. லைனிங் துணியும் சில்க் நூலும் வேண்டுமென்றால் படத்தைக் கடைக்காரருக்கு அனுப்பி எடுத்துவைக்கச் சொல்கிறார். படத்தில் நிறம் பிசகினால் நூல் பிசகும். நூல் பிசகினால் வேலைப்பாட்டைப் பிரித்துப் போட வேண்டியதுதான்.

“தம்பி, அரக்கு எனக்கு அரக்காகத் தெரிய வேண்டும். வாடாமல்லி வாடாமல்லியாகத் தெரிய வேண்டும். மற்றதையெல்லாம் நீயே பார்த்துக்கொள்” என்றார்.

அந்த மற்றவையும் சிறியவை அல்ல. அவரிடம் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகளாக அறிந்த எண். மற்றது வங்கியோடும் ஆதாரோடும் இணைந்த எண். தையல் கூலியில் பெரும்பகுதி யுபிஐ வழியாக வருகிறது. எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும். போன் கெட்டுப்போனால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சரிசெய்ய முடிய வேண்டும். போனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் அந்த வாரத்து வருமானத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடும்.

புது போனை ஏன் விட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விலையில் புதிதாகப் பார்த்தவை பெரிய திரையும் பெரிய பேட்டரியும் கொண்டிருந்தன. ஆனால் கேமராவில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸ் அமைப்பு எதிலும் இல்லை. மாலையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் ஆரி வேலைப்பாட்டின் இழைகள் ஒன்றோடொன்று கலந்து மெழுகினாற்போல் தெரிந்தன. உத்தரவாதமும் புது பேட்டரியும் கேமராவைவிட முக்கியம் என்பவர்கள் புதியதையே வாங்கலாம். அது தவறான முடிவு ஆகாது.

காகிதத்தில் இரட்டையர்

பிக்சல் 4ஏ 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது. விலை 31,999 ரூபாய். தொடக்க விற்பனையில் 29,999. கேலக்ஸி ஏ52 2021 மார்ச்சில் வந்தது; 6 ஜிபி ரேம் கொண்டதன் விலை 26,499. முதலாவதில் ஸ்னாப்டிராகன் 730ஜி, இரண்டாவதில் 720ஜி. எண்ணைப் பார்த்து ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் 8 நானோமீட்டர் சில்லுகள். வரைகலைப் பகுதி இரண்டிலும் அட்ரினோ 618. வாட்ஸ்அப், யுபிஐ, யூடியூப் என்று ஓட்டும்போது வேகத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சேமிப்பகம் இரண்டிலும் 128 ஜிபியில் தொடங்குகிறது. இரண்டிலும் ஓலெட் வகைத் திரை, இரட்டை ஒலிபெருக்கி, இயர்போன் துளை. இரண்டுமே 4ஜி மட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏ52 என்ற பெயருக்குப் பக்கத்திலேயே ஏ52எஸ் 5ஜி என்ற இன்னொரு போனும் உண்டு. அதில் இருப்பது ஸ்னாப்டிராகன் 778ஜி. அது வேறு போன், விலையும் வேறு. பழைய பொருள் விற்குமிடத்தில் இந்த இரண்டு பெயர்களும் தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன. அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்து மாடல் எண்ணைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

வித்தியாசங்களுக்கு வருவோம். பிக்சலின் திரை 5.81 அங்குலம், எடை 143 கிராம், பேட்டரி 3140 மில்லியாம்ப் மணி. ஏ52-இன் திரை 6.5 அங்குலம், எடை 189 கிராம், பேட்டரி 4500. பிக்சலில் ஒரு நானோ சிம்மும், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத ஒரு இ-சிம்மும். நினைவக அட்டைக்கு இடமே கிடையாது. ஏ52-இல் இரண்டு சிம் போடலாம், அல்லது ஒரு சிம்மும் நினைவக அட்டையும் போடலாம். வந்த நாளில் ஏ52-க்கு நீர், தூசிப் பாதுகாப்புக்கான ஐபி67 தரம் இருந்தது. பழைய போனை வாங்குகிறவர் அந்தத் தரத்தை மறந்துவிடுவது நல்லது. யாராவது ஒருமுறை பின்மூடியைத் திறந்து ஒட்டியிருந்தாலே அந்த உறுதி போயிற்று. திறக்காவிட்டாலும் ஒட்டுப்பசைக்கு வயதாகிறது.

விவரத் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணும் போன் பெட்டியைவிட்டு வெளியே வந்த நாளுக்கு உரியது. நாம் வாங்கப்போவது அதன் நான்காம், ஐந்தாம் வயதை. இந்த வேறுபாடுதான் முடிவைத் தீர்மானித்தது.

நான்கு துணித்துண்டுகள்

அக்கா அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, கிளிப்பச்சை நிறங்களில் நான்கு பட்டுத் துண்டுகளைத் தபாலில் அனுப்பியிருந்தார். பிக்சல் நண்பர் ஒருவரிடம் இருந்தது. ஏ52 சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில். நண்பர் நம்பிக் கொடுத்த பிக்சலையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போய்விட்டேன். வாசலில் நிழலான இடத்தில் துணிகளை விரித்து, இரண்டு போன்களிலும் ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்தேன். பிறகு உள்ளே எல்இடி விளக்கின் கீழும் எடுத்தேன்.

பிக்சலின் அரக்கு, துணியில் உள்ள அரக்குதான். அந்தக் கருஞ்சிவப்புக்குள் இருக்கும் பழுப்பு கூட வந்திருந்தது. ஏ52-இல் அதே துணி கொஞ்சம் சிவந்து, கொஞ்சம் பளபளத்துத் தெரிந்தது. பார்க்க அழகு, நூல் வாங்க ஆபத்து. கிளிப்பச்சை இரண்டிலும் சரி. வாடாமல்லி இரண்டிலுமே நீலத்தின் பக்கம் சாய்ந்தது, ஏ52-இல் சற்று அதிகமாக. மயில்கழுத்தைச் சோதனையிலிருந்தே எடுத்துவிட்டேன். பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறொரு நிறம் என்று நெய்யப்படும் துணி அது. சாய்த்துப் பிடித்தால் பச்சை, நிமிர்த்தினால் நீலம். அதன் ஒற்றை நிறத்தைப் படம்பிடி என்று எந்தக் கேமராவிடம் கேட்பதும் நியாயமில்லை.

எல்இடி விளக்கின் கீழ் பிக்சல் இன்னும் முன்னேறியது. 12.2 மெகாபிக்சல் கேமரா ஒன்றே ஒன்றுதான் அதில் இருக்கிறது. ஏ52-இல் 64 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவோடு மேலும் மூன்று இருக்கின்றன. எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்களிடம் இந்த இரண்டு போன்களில் எடுத்த அரக்குத் துண்டின் படத்தைக் காட்டினால் போதும். பல படங்களை நொடிக்குள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் கூகுளின் மென்பொருள், ஐந்தாம் வயதிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஏ52-இன் அகலக் கோணக் கேமராவில் மட்டும் பிக்சலிடம் இல்லாத ஒரு வசதி உண்டு: முழுப் புடவையையும் சிறிய அறைக்குள் நின்றே எடுத்துவிடலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் பிக்சலை வாங்கியிருப்போம். ஆனால் இரண்டு போன்களின் படங்களையும் என் மடிக்கணினியில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, ஏ52-இன் மிகைச் சிவப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. பிழையில் ஒரு பகுதி கேமராவுடையது, மறுபகுதி திரையுடையது. ஏ52-இன் திரை, அமைப்புகளில் ‘விவிட்’ என்ற நிலையில் நிறங்களைக் கூட்டிக் காட்டுகிறது. அதை ‘நேச்சுரல்’ என்று மாற்றினால் அடங்கிவிடுகிறது. மாற்றிவிட்டு அதே படத்தைத் திரும்பப் பார்த்தேன். அரக்கு முழுக்க அரக்காகவில்லை. ஆனால் நூல் கடைக்காரர் தவறான நூல்கண்டை எடுத்துவைக்கும் அளவுக்கு விலகவும் இல்லை. ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் இடைவெளி இன்னும் சுருங்கியது. கேமராவில் பிக்சலே முதல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன்பு மலையாகத் தெரிந்த வித்தியாசம் இப்போது ஒரு படி அளவுக்கு வந்துவிட்டது.

பிக்சலின் பேட்டரிப் பிரச்சினை

இந்தத் தேர்வு நடந்த காலமும் முக்கியம். 2025 ஜனவரி 8 முதல் கூகுள் எல்லா பிக்சல் 4ஏ போன்களுக்கும் ஒரு மென்பொருள் மாற்றத்தை அனுப்பத் தொடங்கியது. அந்த மாடலுக்கு வாக்களித்த மூன்று ஆண்டுப் புதுப்பிப்புகள் 2023 ஆகஸ்டிலேயே முடிந்திருந்தன. முடிந்த பிறகு வந்த இந்த மாற்றம், போன்களில் ஒரு பகுதிக்குப் பேட்டரியில் ஏறும் மின்னேற்ற அளவையே குறைத்தது. பேட்டரியின் நிலைத்தன்மையைப் பேணுவதற்காக என்று நிறுவனம் சொன்னது. பாதிக்கப்பட்ட போன்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றம், அல்லது 50 டாலர் பணம், அல்லது புது பிக்சல் வாங்க 100 டாலர் தள்ளுபடி என்று வழிகள் தரப்பட்டன. பழைய மென்பொருள் கோப்புகள் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுக்கப்பட்டதால், முந்தைய நிலைக்குத் திரும்பும் எளிய வழியும் அடைபட்டது.

பழைய போன் வாங்குகிறவருக்கு இது என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். எல்லா 4ஏ-வும் பாதிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைக் கூகுளின் உதவிப் பக்கத்தில் இட்டால் அப்போது பதில் கிடைத்தது. என் நண்பரின் போன் பாதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இல்லை. அது நல்ல செய்தி. ஆனாலும் 3140 என்ற சிறிய பேட்டரி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தினமும் மின்னேற்றப்பட்டது. லித்தியம் அயனிப் பேட்டரி பல நூறு முறை ஏறி இறங்கிய பிறகு தொடக்கக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. 4500-இல் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 3600 மிஞ்சும். 3140-இல் போனால் 2500-தான் மிஞ்சும். நாள் முழுக்கக் காட்சி அழைப்பும் படமுமாக இருப்பவருக்கு அது மாலை வரை தாங்காது. பட்டியலில் உள்ள 4ஏ-வைத் தெரியாமல் வாங்குகிறவரின் நிலையோ இன்னும் மோசம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பணமாக வாங்கிக்கொண்டிருந்தால், குறைந்த கொள்ளளவு மட்டும்தான் புதியவருக்கு வந்துசேரும்.

பேட்டரியை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். மாற்றலாம்தான், ஆனால் எங்கே? 4ஏ-வுக்குப் பிறகு பிக்சல் 5-உம் 6-உம் இந்தியாவுக்கு வரவே இல்லை. பெரிய அளவில் விற்காத மாடலுக்குச் சிறு நகரத்துப் பழுதுக் கடையில் உதிரிபாகம் இருப்பு வைப்பவர் யார்? கும்பகோணத்தில் அக்காவே இரண்டு கடைகளில் விசாரித்தார். ஏ52-க்கு டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு மூன்றும் மறுநாளே வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பிக்சலுக்கு, “போனைக் கொண்டுவாருங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறோம்” என்றார்கள். பழுதுக் கடைக்காரர் போனைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வேன் என்றால், பாகம் கைவசம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆண்ட்ராய்டின் வயது

பிக்சல் 4ஏ நின்ற இடம் ஆண்ட்ராய்டு 13. ஏ52 ஆண்ட்ராய்டு 11-இல் தொடங்கி மூன்று படி ஏறி 14-இல் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் நான்கு ஆண்டு என்ற கணக்கில், அதுவும் 2025 வசந்தத்தோடு விடைபெறும் நிலையில் இருந்தது. நாங்கள் வாங்கியபோது ஒன்றுக்குக் காலம் முடிந்திருந்தது, மற்றதற்கு முடியும் தறுவாயில் இருந்தது. இதில் ஏ52 வெற்றி என்று கொண்டாட எதுவும் இல்லை.

ஆனால் ஒரு படி உயர்ந்த ஆண்ட்ராய்டுக்கு நடைமுறையில் மதிப்பு உண்டு. செயலிகள் பழைய ஆண்ட்ராய்டுகளைக் கீழிருந்துதான் கைவிட்டுக்கொண்டு வருகின்றன. 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப் 4.4-ஐக் கைவிட்டது, 5.0-உம் அதற்கு மேற்பட்டவையும் மட்டும் என்றது. அந்த வரிசை 13-க்கு வந்துசேரப் பல ஆண்டுகள் இருக்கின்றன. 14-க்கு வர அதைவிடக் கூடுதல் காலம். குரோம் உலாவியும் பக்கங்களைக் காட்டும் உள்பகுதியும் பிளே ஸ்டோர் வழியாகத் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவே, திருத்தம் நின்ற மறுநாளே போன் குப்பை என்பது மிகை. திருத்தம் நின்றாலும் கவலையே இல்லை என்பதும் பொறுப்பற்ற பேச்சு. லீனியேஜ் போன்ற மாற்று மென்பொருளை ஏற்றிப் பிக்சலின் ஆயுளை நீட்டலாம். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு அது நல்ல வழி. வங்கிச் செயலிகள் அத்தகைய போனில் திறக்க மறுக்கக்கூடும் என்பதால் அக்காவுக்கு அது சரிப்படாது.

முடிவும் வாங்கிய விதமும்

ஏ52 வாங்கினோம். சிம், பேட்டரி, உதிரிபாகம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. இ-சிம் நம் பெரிய நிறுவனங்களிடம் கிடைக்கிறதுதான். ஆனால் போன் திடீரென்று நின்றுபோனால் சிம்மைக் கழற்றி வீட்டில் இருக்கும் வேறு போனில் போடுவதுதான் அக்காவுக்குத் தெரிந்த வழி, நம்பகமான வழியும் அதுதான். வங்கி எண் இ-சிம்மில் மாட்டிக்கொண்டால் அன்றைய வரவு நின்றுவிடும்.

பிக்சலை விட மனம் வராத இடங்களும் இருந்தன. ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுப்பவருக்கு 143 கிராம் எவ்வளவு இதம் என்பதைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதன் கைரேகை உணரி பின்பக்கத்தில் இருக்கிறது; தொட்டதும் திறக்கிறது. ஏ52-இல் அது திரைக்கு அடியில் ஒளியால் இயங்குகிறது. சாக் தூசி படிந்த, ஊசி குத்தித் தடித்த விரலை அது சில நேரம் ஏற்பதில்லை. அக்காவின் இடது கைச் சுண்டுவிரலையும் பதிந்துகொடுத்தோம். அந்த விரலில் ஊசி படுவதில்லை.

திரைக்கு அடியில் உள்ள அந்த உணரி, வாங்கும்போது ஒரு பெரிய உதவியும் செய்தது. ஏ52-இன் திரை உடைந்து மலிவான எல்சிடி காப்பி மாற்றியிருந்தால் கைரேகை வேலை செய்யாது. முதலில் பார்த்த போன் அப்படித்தான் சிக்கியது. கைரேகை பதியும் பகுதியே திறக்கவில்லை. விளக்கை அணைத்துக் கறுப்புப் படத்தைத் திரையில் வைத்தால், கறுப்புக்குப் பதில் சாம்பல் ஒளி கசிந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார். அதில் *#0*# என்று அழுத்திச் சாம்சங்கின் சோதனைத் திரையைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் கறை இருக்கிறதா என்று பார்த்தோம். தொடுதிரைச் சோதனையில் ஓரக் கட்டங்கள் எல்லாவற்றையும் விரலால் நிரப்பினோம். இரண்டு சிம்மிலும் அழைத்துப் பேசினோம்.

திருட்டு போன் இல்லை என்று உறுதிசெய்ய *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டோம். பிறகு கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்தப் பதினைந்து இலக்க எண் என்று தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினோம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஏற்பாடு இது. முடக்கப்பட்ட எண்ணாக இருந்தால் பதிலில் தெரிந்துவிடும். பில் கேட்டு வாங்கினோம். முந்தையவரின் கூகுள், சாம்சங் கணக்குகளை நீக்கிய பிறகே போனை முழுமையாக அழிக்கச் சொன்னோம். வரிசை மாறினால் அழித்த பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளக்கூடும். விற்றவர் அதற்குள் எங்கே இருப்பாரோ. மாதத் தவணையில் வாங்கி, கட்டி முடிக்காமல் விற்கப்பட்ட போன்களும் உலவுகின்றன. அழித்து மீண்டும் இயக்கும்போது கடன் நிறுவனத்தின் பெயரில் ஏதும் தோன்றுகிறதா என்று கடையிலேயே நின்று பார்ப்பது அவசியம்.

பிறகு

திரையை ‘நேச்சுரல்’ நிலைக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, பேட்டரியைப் பாதுகாக்கும் அமைப்பில் முழுதாக ஏறுவதற்கு முன்பே மின்னேற்றம் நிற்கும்படி வைத்துக்கொடுத்தேன். சேமிப்புக் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, கடை வரவுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கை இணைத்தார். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோகும் போனில் வாழ்நாள் சேமிப்பு இருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்தியதால் செய்தார். கோடையில் பேட்டரி தளர்ந்ததாகத் தோன்றியபோது உள்ளூர் கடையிலேயே மாற்றினார். போன் அன்று மாலையே கைக்கு வந்தது. அரக்கு நிறம் இன்னும் சற்றுச் சிவந்துதான் விழுகிறது. அதற்கு அவரே ஒரு வழி வைத்திருக்கிறார்: துணியின் மேல் நூல் கண்டு ஒன்றை வைத்துப் படம் எடுத்து, அந்தக் கண்டின் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறார். நூல் கடைக்காரர் இப்போது எண்ணைப் பார்த்து எடுக்கிறார்.

நண்பரின் பிக்சல் 4ஏ-வைக் கல்லூரியில் ஒளிப்படம் பயிலும் ஒரு மாணவர் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரே சிம், எப்போதும் பையில் பவர் பேங்க். ஏ52-ஐவிட அவருக்கு அதுவே பொருத்தம் என்று நானே சொல்லி அனுப்பினேன்.